அதிகம் பேசப்படாத ரஷ்ய பாலேக்களை வீட்டில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வான் லேக், நட்கிராக்கர், ஸ்லீப்பிங் பியூட்டி மூன்றையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து என்ன என்று தேடும்போதுதான் ரஷ்ய பாலே எவ்வளவு பெரிய உலகம் என்பது தெரியவரும். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் மூன்று பாலேக்கள், அசாஃபியேவின் 'பாக்சிசராய் நீரூற்று', கவ்ரீலினின் 'அன்யூத்தா' என்று வரிசை நீளும். இவை எல்லாமே ஏதாவது ஒரு வடிவில் வீடியோவாக வந்திருக்கின்றன. ஆனால் ஆசையோடு வாங்கி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று எடுத்து வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். சின்னச் சின்னத் தவறுகளால் நல்ல பாலேக்கள் இப்படிக் கைநழுவிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. நானே அதைச் செய்திருக்கிறேன். ஷோஸ்டகோவிச்சின் 'பொற்காலம்' 1930-இல் லெனின்கிராடில் அரங்கேறியது. மேற்கத்திய நகரம் ஒன்றுக்குப் போகும் சோவியத் கால்பந்து அணியின் கதை அது. மேடையில் கால்பந்து ஆட்டத்தை எப்படி நடனமாக்கியிருப்பார்கள் என்று பார்க்கும் ஆவலில் மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கின் டிவிடியை வாங்கினேன். ஒரு மணி நேரம் போயும் பந்தைக் காணோம். கடலோர ஊர், மீனவ இளைஞன் போரிஸ், உணவு விடுதியில் ஆடும் ரீத்தா, அவளோடு ஜோடியாக ஆடும் கொள்ளைக் கூட்டத் தலைவன் என்று வேறு ஏதோ கதை ஓடிக்கொண்டிருந்தது. விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 1982-இல் நடன அமைப்பாளர் யூரி கிரிகோரோவிச் இதற்குப் புதிதாக ஒரு கதையை அமைத்திருக்கிறார். 'பொற்காலம்' என்பது அதில் அந்த விடுதியின் பெயர். காதல் காட்சிகளுக்காக ஷோஸ்டகோவிச்சின் பியானோ கான்செர்டோவிலிருந்து (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மெதுவான பகுதியையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார். விவரம் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தபோது இரேக் முகமேதவும் நத்தாலியா பெஸ்மெர்த்னோவாவும் ஆடும் அந்த ஜோடி நடனங்களில் அப்படியே மூழ்கிப்போனேன்.

இது ஒன்றோடு முடிகிற விஷயமும் இல்லை. 'பாரோவின் மகள்' 1862-இல் நடன அமைப்பாளர் பெத்திப்பா அமைத்த பாலே. இன்று வீடியோவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பியேர் லகோத் 2000-இல் பொல்ஷோய்க்காகப் புதிதாக அமைத்த அடவுகள். அதனால் பெட்டியில் இசையமைப்பாளர் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே நடன அமைப்பாளர் யார், பதிவான ஆண்டு எது என்று தேடுங்கள். இன்னொன்று, கீரோவ் என்று போட்டிருந்தாலும் மரீன்ஸ்கி என்று போட்டிருந்தாலும் அது பீட்டர்ஸ்பர்கின் ஒரே அரங்குதான். சோவியத் காலத்தில் அதற்குக் கீரோவ் என்ற பெயர் இருந்தது.

அடுத்தது, மேடைப் பதிவையும் திரைப்பட பாலேயையும் போட்டுக் குழப்பிக்கொள்வது. 1953-இல் வந்த 'ரஷ்ய பாலேயின் நட்சத்திரங்கள்' படத்தில் 'பாக்சிசராய் நீரூற்று' இருக்கிறது. ஆனால் சுருக்கமான வடிவில்தான். ஒரே படத்துக்குள் 'ஸ்வான் லேக்', 'பாரிஸின் தீச்சுடர்' ஆகியவற்றின் பகுதிகளும் வரவேண்டுமே. முழு பாலேயும் இவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. 'அன்யூத்தா' விஷயம் இதற்கு நேர் எதிர். செகாவின் கதையை வைத்து 1982-இல் தொலைக்காட்சிக்காகவே அதை எடுத்தார்கள். மேடைக்கு வந்தது அப்புறம்தான், 1986-இல். கேமரா நாயகியாக ஆடும் எகத்தரீனா மக்சீமோவாவின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போவது அதனால்தான். அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்க்கிற மனநிலையோடு அதைப் பார்க்க உட்காராதீர்கள்.

சரி, இப்போது டிவிக்கு வருவோம். பலர் வீட்டில் பாலே கெட்டுப்போவது இங்கேதான். பழைய பதிவுகள் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய 16:9 திரையில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் ஆடுகிறவரின் உடல் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். நீட்டிய காலின் கோடு, கழுத்தின் நீளம், கை வளைவு எல்லாமே பொய்யாகிவிடும். 'ஜூம்' போட்டால் இன்னும் மோசம். மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு வெட்டுப்படும். கீழே வெட்டுப்படுவது பாதம். பாலேயில் பாதத்தை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே செட்டிங்ஸில் 'மோஷன் ஸ்மூத்திங்' (அசைவை வழவழப்பாக்க டிவியே இடையில் ஃப்ரேம்களைச் சேர்ப்பது) இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். தாவலின் உச்சியில் ஒரு கணம் நிற்பது போல் தோன்றுமே, அந்த அழகை அது வழித்துத் துடைத்துவிடும். சினிமாவாக எடுத்த பாலேக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படம் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் 25 ஃப்ரேமாக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். இசைப் பழக்கம் உள்ள காதுக்கு அது உறுத்தும். அப்படி உறுத்தினால் ஆர்க்கெஸ்ட்ராவைக் குறை சொல்ல வேண்டாம்.

டிவிடி எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் ரீஜன் கோடில் இந்தியாவும் ரஷ்யாவும் ஒரே 5-ஆம் எண். அமெரிக்க டிஸ்க் 1, ஐரோப்பிய டிஸ்க் 2. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் போதும்.

கதையைப் படிக்காமல் உட்காருவதும், "சோவியத் பிரசாரம்தானே" என்று ஒதுக்குவதும் எனக்கு ஒரே தவறின் இரண்டு முகங்களாகத்தான் தெரிகின்றன. ஷோஸ்டகோவிச்சின் 'தெளிந்த ஓடை' என்ற பாலேயைப் பாருங்கள். 1935-இல் லெனின்கிராடில் அரங்கேறியது, கூட்டுப்பண்ணையில் நடக்கும் நகைச்சுவை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழான பிராவ்தா அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. பாலே மேடையிலிருந்து இறங்கியது. கதையை எழுதியவர்களில் ஒருவரான பியத்ரோவ்ஸ்கி 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷோஸ்டகோவிச் அதற்குப் பிறகு பாலேக்கு இசையமைக்கவே இல்லை. 2003-இல் அலெக்ஸி ரத்மான்ஸ்கி அதே இசைக்குப் புதிய நடனம் அமைத்தார். அதில் ஆண் நடனக்காரர் நீண்ட வெள்ளைப் பாவாடையும் பாயிண்ட் ஷூவும் (நுனிக்காலில் நிற்க உதவும் பாலே காலணி) அணிந்து தேவதை வேடத்தில் வருவார். நுனிக்காலில் அந்தப் பெரிய உடம்பு பதறிப் பதறி நகரும்போது வாய்விட்டுச் சிரிப்பீர்கள். கூடவே, இந்தச் சிரிப்பையா தடுத்தார்கள் என்று நெஞ்சு கனக்கும். கதையும் பின்னணியும் தெரியாதவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது.

கடைசியாக, பழைய பதிவுகளை இன்றைய கண்ணால் அளப்பது. இப்போதைய நடனக்காரர்கள் காலைக் காதுவரை தூக்குகிறார்கள். 1953 படத்தில் கலீனா உலானோவா அப்படித் தூக்குவதில்லை. அப்போது அவர் நாற்பதைத் தாண்டியவர். 'பாக்சிசராய் நீரூற்று' பகுதியின் முடிவுக்கு வாருங்கள். மாயா பிளிசெத்ஸ்கயாவின் சரேமா பொறாமையில் கத்தியை ஓங்குகிறாள். குத்துப்பட்ட மரியா, அதாவது உலானோவா, தூணில் சாய்ந்தபடியே மெல்லச் சரிகிறாள். அந்தச் சில நொடிகளில் பெரிய அடவு எதுவுமே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.