சாட்டனூகாவில் சாப்பாடு: புதிதாக வருபவர்களுக்கு

டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், டென்னசி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது சாட்டனூகா. வோக்ஸ்வாகன் தொழிற்சாலை, டிவிஏ மின் நிறுவனம், புளூகிராஸ், யூனம் மாதிரியான காப்பீட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகம் என்று ஏதாவது ஒன்றுதான் நம்மவர்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வந்த வாரமே எல்லோரும் கேட்பது, "சாப்பாட்டுக்கு இங்கே என்ன வழி?" என்பதுதான். "வீட்டில் சமைத்துக்கொள், சனி ஞாயிறில் அட்லாண்டா போய்விடு" என்று பழைய ஆட்கள் பதில் சொல்வார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, இந்த ஊர்ச் சாப்பாட்டில் ஒரு தட்டுகூடத் தொடாமல் வேறு ஊருக்கு மாறிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சோளம், கீரை, வெண்டைக்காய், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி என்று நமக்குப் பழக்கமான பொருட்களை வைத்தே நடக்கிற சமையல் இது.

முதலில் 'மீட் அண்ட் த்ரீ' கடை ஒன்றுக்குப் போங்கள். ஒரு கறி, கூடவே மூன்று பக்க உணவு, சோள ரொட்டி. எல்லாம் ஒரே விலைக்கு. அன்றைக்கு என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பொரித்த கோழி, கெளுத்தி மீன், மீட்லோஃப் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மீட்லோஃப் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்பதை நினைவில் வையுங்கள். பக்க உணவு வரிசையில் காலர்ட் கீரை, பின்டோ பீன்ஸ், பொரித்த வெண்டைக்காய், தட்டைப்பயறு, முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கும். மக்ரோனி அண்ட் சீஸும் அந்தக் காய்கறி வரிசையிலேயே இருக்கும். கறி வேண்டாம் என்றால் 'வெஜிடபிள் பிளேட்' என்று கேட்டு, நான்கு பக்க உணவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டியது இந்த இடத்தில்தான். வெஜிடபிள் பிளேட் என்று பெயர் இருந்தாலும் அது சைவம் என்று அர்த்தமில்லை. காலர்ட் கீரையைப் புகைபோட்ட பன்றிக்கால் எலும்போடு மணிக்கணக்காக வேகவைப்பதுதான் இங்கே பழைய முறை. சில கடைகளில் அதற்குப் பதிலாகப் புகைபோட்ட வான்கோழி போடுவார்கள். பின்டோ பீன்ஸிலும் தட்டைப்பயறிலும் பேக்கன் துண்டு கிடக்கும். "இதில் மீட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள், வாசனைக்குப் போட்ட எலும்பை யாரும் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "ஹாம், பேக்கன், சிக்கன் பிராத், லார்ட் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். லார்ட் என்றால் பன்றிக்கொழுப்பு. வெண்டைக்காயைச் சோள மாவில் புரட்டித்தான் பொரிக்கிறார்கள், ஆனால் அதே எண்ணெயில் மீனும் கோழியும் பொரிபடும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் அதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். பரிமாறுகிற அம்மா உங்களை "ஹனி" என்று கூப்பிட்டபடியே சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார். இந்த ஊரில் அது சாதாரணம். நீங்களும் "யெஸ் மேம்", "தேங்க் யூ மேம்" என்று பதில் சொன்னால் உடனே ஒட்டிக்கொள்வார்கள்.

வெண்டைக்காயும் தட்டைப்பயறும் இந்த மண்ணுக்கு வந்த கதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டுமே ஆப்பிரிக்கப் பயிர்கள். அங்கிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்களோடு கடல் கடந்து வந்தவை. அமெரிக்கத் தெற்கின் சமையல் என்று இன்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி அந்த மக்களின் கைப்பக்குவம்தான். தட்டில் இருப்பதைச் சாப்பிடும்போது அது மனதில் இருக்கட்டும்.

பழைய கடைகளில் பெயர் சொல்ல வேண்டும் என்றால் இரண்டைச் சொல்வேன். டாட்ஸ் அவென்யூவில் இருக்கிற பீஸ் ரெஸ்டாரன்ட் 1950ல் தொடங்கியது. அங்கே மேசை வட்டமாக இருக்கும், நடுவில் ஒரு சுழல் தட்டு. கோழி, பீன்ஸ், கோஸ் சாலட், ரொட்டி என்று கிண்ணம் கிண்ணமாக அதன்மேல் வைத்துவிடுவார்கள். வேண்டியது உங்கள் பக்கம் வரும்வரை சுழற்றி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்டமான நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடும் ஒரே மேசையில் உட்கார நேரலாம். எதிரில் இருப்பவர் எடுத்து முடிக்கும்வரை தட்டைச் சுழற்றாமல் காத்திருப்பதுதான் மரியாதை. பேச்சு தானாகவே ஆரம்பித்துவிடும். ஊருக்குப் புதிது என்று சொன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து பல் டாக்டர் வரைக்கும் யோசனை கிடைக்கும். இன்னொன்று சார்சூர்ஸ் கஃபே. லெபனானிலிருந்து குடியேறிய குடும்பம் 1918ல் ஆரம்பித்த கடை. வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்களுடைய சாப்பாட்டையே சமைத்துப் போட்டுப் பேர் வாங்கிய இடம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. இப்படிப்பட்ட கடைகள் எல்லா நாளும் திறந்திருக்காது, பலவற்றில் மதியச் சாப்பாடு மட்டும்தான். கிளம்பும் முன் போனில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. திறந்திருக்கிற கடைகளிலோ சர்ச் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து நிரம்பிவிடுவார்கள். பதினொன்றரைக்கு முன்னால் போய்விட்டால் நிம்மதி.

பீன்ஸ் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. சோள ரொட்டியைக் கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டு, மேலே பின்டோ பீன்ஸைக் குழம்போடு ஊற்றி, நறுக்கிய பச்சை வெங்காயமும் ஒரு கரண்டி சௌசௌவும் வைத்துச் சாப்பிடுங்கள். இந்த சௌசௌ நம்மூர்க் காய் இல்லை. கோஸ், மிளகாய், பச்சைத் தக்காளி எல்லாம் போட்டுப் புளிப்பும் இனிப்புமாகச் செய்கிற ஊறுகாய். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கெளுத்தி. பக்கத்து மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களில் குளம் வெட்டி வளர்க்கிற மீன். சோள மாவு பூசி மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். காரம் பற்றாது என்று தோன்றினால் மேசையிலேயே மிளகாய் சாஸ் பாட்டில் இருக்கும், தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். எம்.எல். கிங் புலவாரில் உள்ள சாம்பீஸ் பொரித்த கோழிக்குப் பேர் போனது.

பார்பிக்யூ என்று பலகை போட்டிருந்தால் முதலில் பன்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிஸ்கெட் என்றால் மாடு. இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குப் புகைபோட்ட கோழியோ வான்கோழியோ அநேகமாக எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் வைக்கிற பேக்டு பீன்ஸில் மறுபடி பன்றி இருக்கும். 1932ல் இந்த ஊரில் தொடங்கிய கிரிஸ்டல் கடையின் சின்னச் சதுர பர்கரும் மாட்டிறைச்சிதான். ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கமெல்லாம் அலையாமல், அரபுச் சாப்பாட்டுக் கடைகளில் விசாரித்துப் போவது நல்லது.

காலைச் சாப்பாட்டுக்கு கிரிட்ஸ் கேளுங்கள். வெள்ளைச் சோளத்தைக் குருணையாக உடைத்துக் கஞ்சிப் பதத்தில் கிண்டி, வெண்ணெய் போட்டுத் தருவது. கம்மங்களியும் சோளக்களியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகமே செய்ய வேண்டியதில்லை. வெறுமனே சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். உப்பும் மிளகுத்தூளும் தூவிக்கொள்ளுங்கள். சிலர் சர்க்கரை போடுவார்கள், என் ஓட்டு மிளகுக்குத்தான். என் பெட்டியில் எப்போதும் ஒரு பொட்டலம் இட்லிப்பொடி இருக்கும், கிரிட்ஸோடு அது அவ்வளவு பொருத்தம். பிஸ்கட் என்று இங்கே தருவது உப்பு பிஸ்கட் இல்லை, மெத்தென்ற சூடான பன். சில இடங்களில் அதைப் பன்றிக்கொழுப்பில் செய்வார்கள், மேலே ஊற்றுகிற வெள்ளை கிரேவியிலும் பன்றி இறைச்சி இருக்கும். வெண்ணெயும் தேனும் போதும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

டீ என்றால் ஐஸ் போட்ட டீதான் வரும், அதுவும் பாயசம் மாதிரி தித்திப்பாக. சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் 'அன்ஸ்வீட்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் கலந்து 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்றும் கேட்கலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். பிளஃப் வியூவில் ஆற்றுக்கு மேலே பாறை விளிம்பில் ரெம்ப்ராண்ட்ஸ் காபிக் கடை இருக்கிறது. வெளியே உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசினாலும் யாரும் விரட்டமாட்டார்கள். அங்கிருந்து வால்நட் ஸ்ட்ரீட் பாலம் கூப்பிடு தூரம். 1891ல் திறந்த இரும்புப் பாலம். 1993லிருந்து நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பராமரிப்புக்காக அடைத்திருந்தால் பக்கத்திலேயே மார்க்கெட் ஸ்ட்ரீட் பாலத்தில் நடைபாதை இருக்கிறது. பாலம் தாண்டினால் அந்தக் கரையில் ஃப்ரேசியர் அவென்யூவில் கிளம்பீஸ் ஐஸ்கிரீம் கடை. வீட்டுக்கு ரொட்டி வாங்க வேண்டும் என்றால் மெயின் ஸ்ட்ரீட்டில் நீட்லாவ்ஸ். ஊருக்கு எடுத்துப்போக 1917லிருந்து இங்கே செய்கிற மூன்பை என்ற பிஸ்கட் இனிப்பை வாங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் நடுவில் இருக்கிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, சைவக்காரர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

குவாத்தமாலா, மெக்சிகோ, எல் சால்வடோர் மக்கள் நடத்துகிற சின்னச் சின்னக் கடைகள் மெயின் ஸ்ட்ரீட்டின் கிழக்குப் பக்கமும் ராஸ்வில் புலவார் பக்கமும் இருக்கின்றன. நாக்கு செத்துப்போச்சு என்று தோன்றுகிற அன்றைக்கு அங்கே போங்கள். சூடான சோள ரொட்டி, பச்சை மிளகாய்ச் சட்னி, எலுமிச்சை, கொத்தமல்லி. புபூசா என்கிற சோள மாவு ரொட்டி, உள்ளே சீஸும் பீன்ஸும் வைத்தது, நல்ல சைவச் சாப்பாடு, பீன்ஸில் லார்ட் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுச் சமையலுக்குச் சூப்பர் மார்க்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். ஏப்ரலிலிருந்து கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை ஞாயிறுதோறும் ஃபர்ஸ்ட் ஹொரைசன் பெவிலியனில் சாட்டனூகா மார்க்கெட் கூடும். புதன் மாலையில் மெயின் ஸ்ட்ரீட்டில் உழவர் சந்தை. ஜூலை, ஆகஸ்டில் பிஞ்சு வெண்டைக்காய், பச்சைத் தட்டைப்பயறு, வெயிலில் பழுத்த தக்காளி எல்லாம் வரும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கும் நம் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சின்னதாகப் பொறுக்கித் தரச் சொன்னால் விவசாயியே தருவார்.

இனி பணம். இந்த ஊர் ஹோட்டல் பில்லில் 9.25 சதவீதம் விற்பனை வரி ஏறும். மெனுவில் போட்டிருக்கும் விலையில் அது சேர்ந்திருக்காது. டென்னசியில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். டிப்ஸ்தான் அவர்கள் சம்பளம். அதனால் 18லிருந்து 20 சதவீதம் வையுங்கள். 50 டாலருக்குச் சாப்பிட்டால் மொத்தம் 65 ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டே உட்காருங்கள். அந்தச் செலவு இன்றைக்குக் கட்டாது என்றால் கவுண்டரில் வாங்கிக்கொண்டு வருகிற கடைக்குப் போகலாம். மேசைக்கு வந்து பரிமாறியவரின் பங்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நம்மவர்களைப் பற்றி இந்த விஷயத்தில் குறை வரக் கூடாது என்று எனக்கு ரொம்ப ஆசை.

அட்லாண்டா போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கேயும் இந்தியச் சாமான் கடைகள் இருக்கின்றன, ஆனால் இந்திய ஹோட்டல்களின் மெனு பெரும்பாலும் வடக்கத்திச் சாப்பாடு. நல்ல தோசை சாப்பிடவும் மொத்தமாக மளிகை வாங்கவும் ஐ-75ல் இரண்டு மணி நேரம் ஓட்டி டிகேட்டர் பக்கமோ, இன்னும் வடக்கே ஆல்ஃபரெட்டா பக்கமோ போய் வரலாம். வழியில் பெட்ரோல் பங்கிலோ சாலையோரத்திலோ அவித்த வேர்க்கடலை விற்றால் விடாதீர்கள். தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைத்தது, கார வகையும் உண்டு. விநாயகர் கோயிலுக்காக நாஷ்வில் போகிறவர்கள் மட்டும் கடிகாரத்தைக் கவனியுங்கள். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். இரவு எட்டுக்கு அங்கிருந்து கிளம்பினால் மான்டீகிள் மலை இறங்கி இங்கே வந்து சேரும்போது பதினொன்று தாண்டிவிடும், கடைகளெல்லாம் அடைத்திருக்கும். அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.