புதுக் குதிரையைப் பழக்குவது எப்படி: முதலில் கயிற்றைத் தளர்த்தப் பழகுங்கள்

'குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உதை வாங்கிய யாரோ சொன்னதாக இருக்கும். கூடவே இருந்து பார்த்தால் அது வெறும் பயந்தாங்கொள்ளி, ஓடிப் பிழைக்கிற பிராணி. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், ஆசைப்பட்டு ஒரு மட்டக்குதிரையைப் பிடித்து வந்துவிட்டு, கொல்லையில் கட்டிய பிறகு கிட்டப் போகப் பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வாங்கும்போது எல்லோரும் சுழி பார்ப்பார்கள். பார்க்கட்டும், பெரியவர்களோடு சண்டை வேண்டாம். நீங்கள் அதை நடக்கவிட்டுப் பாருங்கள், நான்கு காலையும் தூக்கக் கொடுக்கிறதா என்று பாருங்கள். வலியால் உதைக்கிற குதிரைகள் உண்டு. அவற்றுக்கு முதலில் வைத்தியம், அப்புறம்தான் பழக்கம். மருத்துவரிடம் காட்டும்போதே ரண ஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

1. சும்மா உட்காருங்கள்

ஆடியில் வயலெல்லாம் சேறும் நடவுமாகக் கிடக்கும். களத்துமேடுதான் சரியான இடம். முதல் இரண்டு மூன்று நாள் அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். காது உங்கள் பக்கம் திரும்பினால் கவனிக்கிறது என்று அர்த்தம். காதைப் பின்னால் ஒட்ட மடித்தால் 'வராதே' என்கிறது.

கிட்டப் போகும்போது தோள்பட்டைப் பக்கமாகச் சாய்வாகப் போங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. அது தலையை உயர்த்தி விறைத்தால் நின்றுவிடுங்கள். தளர்ந்து உங்களைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்குங்கள். பயந்தால் இந்த ஆள் மேலே வந்து விழமாட்டான் என்று அதற்குப் புரிய வேண்டும்.

2. தட்டாதீர்கள், சொறியுங்கள்

கழுத்தில் பட் பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் சந்தோஷம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே குறையும். கீழுதடு தொங்கினால் சுகமாக இருக்கிறது. முகத்தைக் கடைசியில் தொடலாம். வெல்லம் கொடுப்பதானால் சின்னத் துண்டு, அதுவும் கிண்ணத்தில். கையில் கொடுத்துப் பழக்கினால் சட்டைப் பையைக் கடிக்கும்.

3. கயிறு

பாடமே இங்கேதான் இருக்கிறது. கடிவாளம் வேண்டாம், வாயில் இரும்பு இல்லாத தலைக்கயிறு, அதில் பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்குத் தடித்த நூல்கயிறு. அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டால் விரல் போய்விடும்.

பக்கவாட்டில் நின்று, கயிறு லேசாக விறைக்கும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். ஆட்டாமல், கூட்டாமல் அப்படியே காத்திருங்கள். அது ஓரடி வைத்தால், ஏன், உடம்பை முன்னால் சாய்த்தால்கூட, அந்தக் கணமே தளர்த்துங்கள். தளர்ந்த கயிறுதான் அதற்குச் 'சரி' என்ற வார்த்தை. மூன்று விநாடி தாமதித்துத் தளர்த்தினால், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

நான் முதல் நாள் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அது பின்னங்காலை ஊன்றிக்கொண்டது. இருபது நிமிஷம் இருவரும் அப்படியே நின்றோம். வரப்பில் போன ஒரு பெரியவர், "தம்பி, மூக்கணாங்கயிறு போட்ட மாடா அது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். வெட்கத்தில் கை தளர்ந்தது. குதிரை பெருமூச்சு விட்டு என் பக்கம் ஓரடி வந்தது.

ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம் போதும். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

4. குளம்பு

தோளிலிருந்து கையைக் கீழே வழித்துக்கொண்டே போய்க் காலைத் தூக்குங்கள். முதலில் இரண்டு விநாடிதான். அது பிடுங்கும்முன் நீங்களே இறக்கிவிட வேண்டும். ஐப்பசி மழையில் நம் களிமண் குளம்புக்குள் அப்பிக்கொண்டு, நடுவில் உள்ள முக்கோண மெத்தை அழுகும், கறுத்து நாறும். ஆகவே தினமும் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாகச் சேற்றைத் தள்ளி எடுங்கள்.

5. வாய்க்கால்

காவிரி டெல்டாவில் இது இல்லாமல் தெருவுக்கே போக முடியாது. கலங்கிய தண்ணீருக்கு ஆழம் எவ்வளவு என்று குதிரைக்குத் தெரியாது, நிற்கும். களத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குட்டையாக்கி அதில் நடத்துங்கள். பிறகு கணுக்கால் ஆழம். கரையில் தலையைக் குனிந்து முகர்ந்தால் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள், அதுவும் ஒரு அடிதான். நேர் எதிரே நிற்காதீர்கள். ஒரே தாவாகத் தாண்டி உங்கள் மேலேயே விழும். மேளம், வெடி, டிராக்டருக்கும் இதே வழி: தூரத்தில் நின்று கேட்கவிட்டு, அது அமைதியானதும் திரும்பி வந்துவிடுவது.

சேணமும் சவாரியும் இதற்கெல்லாம் அப்புறம். இரண்டு வயதுக் குட்டி என்றால் முதுகில் ஏறவே வேண்டாம், எலும்பு இன்னும் முற்றியிருக்காது. அதுவரை கூடவே நடங்கள்.