சோறு பருப்பு வச்சே 9 அமினோ ஆசிடும் முழுசா எடுக்குறது எப்படி

புரோட்டீன் எத்தனை கிராம்னு கணக்கு பாக்குறோம், ஆனா அந்த புரோட்டீனுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறதில்ல. பருப்போ முட்டையோ மீனோ, எது சாப்பிட்டாலும் வயித்துலயும் சிறுகுடல்லயும் அமினோ ஆசிடா உடைஞ்சிடும், அதை எடுத்து கோத்துதான் உடம்பு தசை, என்சைம், ஆன்டிபாடின்னு தனக்கு வேண்டியத கட்டிக்குது. மொத்தம் 20 வகை. 11 வகைய உடம்பே தயாரிச்சுக்கும், ஆனா பெரிய தீக்காயம், ஆபரேஷன் மாதிரி நேரத்துல அர்ஜினின், குளூட்டமின் போல சிலது பத்தாம போகும்.

மிச்சம் 9 வகை சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும். லூசின், ஐசோலூசின், வேலின் மூணும் தசைக்கு ரொம்ப முக்கியம், அதுலயும் தசை கட்டுற வேலைய ஆரம்பிச்சு வைக்கிறது லூசின். ட்ரிப்டோஃபேன்ல இருந்து செரடோனின் வருது, அதுல இருந்து தூக்கத்துக்கான மெலடோனின் வருது. ஃபினைல்அலனின் டைரோசினா மாறி டோபமின், அட்ரினலின், தைராய்டு ஹார்மோன் வரைக்கும் போகுது. ஹிஸ்டிடின், த்ரியோனின், மெத்தியோனின், கடைசியா லைசின். நம்ம ஊரு சாப்பாட்டுல இடிக்கிறது இந்த லைசின்தான்.

அரிசில லைசின் கம்மி, மெத்தியோனின் பரவால்ல. பருப்புல அப்படியே தலைகீழ். அதனாலதான் இட்லில உளுந்தும் பொங்கல்ல பாசிப்பருப்பும் சேரும்போது ஒண்ணோட குறைய இன்னொண்ணு ஈடுகட்டுது. ரெண்டும் ஒரே வேளைல இருக்கணும்னு அவசியம் இல்ல, ஒரே நாள்ல வந்தா போதும்.

ஆனா அளவுலதான் எல்லாரும் கோட்டை விடுறோம். 60 கிலோ எடை இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரோட்டீன், அதுல லைசின் மட்டும் 1800 மில்லிகிராம் வேணும். 300 கிராம் அரிசி வடிச்சு சாப்பிட்டாலும் அதுல பாதி கூட தேறாது, கூட 50 கிராம் பருப்பும் ஒரு கப் தயிரும் சேர்ந்தாதான் லைசின் கணக்கு சரியா வரும். தண்ணியா இருக்கிற சாம்பார்ல ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டு பருப்பு சாப்பிட்டாச்சுன்னு நினைக்காதீங்க, ஒரு தடவை தராசுல ஆளுக்கு 50 கிராம் வேகவைக்காத பருப்பு நிறுத்து எந்த டம்ளர்ல எவ்ளோ வருதுன்னு பாத்து வச்சுக்குங்க, அப்புறம் அந்த டம்ளரே அளவு. சாம்பார்ல அவ்ளோ போகாதுன்னா சாயங்காலம் சுண்டல், காலைல அடை, பெசரட்டுன்னு பிரிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, வேர்க்கடலை நல்ல சாப்பாடுதான், ஆனா அதுலயும் லைசின் கம்மி, அதனால இட்லிக்கு கடலைச் சட்னி மட்டும் வச்சா இந்தக் குறை தீராது. சோயா, முட்டை, மீன், பால் இதுலல்லாம் 9 வகையும் நல்ல அளவுல இருக்கு. இப்படி சாப்பிடுறவங்க ஜிம்ல சொல்றாங்கன்னு பிசிஏஏ பவுடருக்கு காசு செலவு பண்ண தேவையே இல்ல, அதுல இருக்கிறது லூசின், ஐசோலூசின், வேலின் மூணு மட்டும்தான், பாக்கி ஆறு இல்லாம தசை எப்படி வளரும்?

கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர கேக்காம புரோட்டீன கூட்டாதீங்க.

வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க தட்ட கொஞ்சம் கவனிங்க. பல்லு போச்சு, ஜீரணம் ஆகலன்னு ரசஞ்சோறோட நிறுத்திடுவாங்க, தசை கரையுற வயசே அதுதான். பாசிப்பருப்ப நல்லா குழைய வேகவச்சு அந்த சோத்துலயே மசிச்சு குடுங்க, சாப்பிட்டுடுவாங்க.