பப்பாளிக்காய் போட்ட கறி ஏன் கூழாகிறது?

ஆட்டுக்கறி மெத்தென்று வேக, பப்பாளிக்காயை அரைத்துப் பிசறுவது பழைய வழக்கம். வேலையைச் செய்வது காயின் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதி. புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டுவதுதான் அதன் தொழில். இதே குடும்பத்து நொதியான கதெப்சின் ஆட்டின் தசையிலேயே உண்டு. அறுத்த கறி நேரம் போகப்போக மெல்ல இளகுவதில் அதற்கும் பங்கு உண்டு. பப்பெயின் அவ்வளவு பொறுமைசாலி அல்ல.

பழுத்த பப்பாளியைப் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் பலர். பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். வெட்டினால் பால் வடிகிற பச்சைக்காய்தான் வேண்டும். பால் தோலை ஒட்டியே அதிகம் என்பதால், கழுவித் தோலோடு அரையுங்கள். வேகவைத்து அரைத்தால் நொதி செத்துவிடும்.

ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு 1 முதல் 2 மேசைக்கரண்டி விழுது, ஒரு மணி நேரம். இரவு முழுக்க ஊறவைப்பதுதான் பெரிய தவறு. நொதி கறிக்குள் ஆழமாக இறங்காது. மேற்புறம் மாவாகக் குழைந்திருக்கும், நடுவில் அதே ரப்பர். கூடுதலாகப் போட்டாலும் கதை இதுதான், சில நேரம் கசப்பும் சேரும். சிறு துண்டுகளாக்கி, முள்கரண்டியால் குத்திப் பிசறினால் சீராகப் பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வேகம் குறையுமே தவிர நிற்காது. மீனுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஊறும்போது நடப்பதைவிட அடுப்பில் நடப்பதே அதிகம். 60–70 டிகிரி செல்சியஸில் பப்பெயின் வெறியோடு வெட்டும். கொதிநிலையை நெருங்கும்போது செயலிழக்கும். மிதமான தீயில் மெதுவாகச் சூடேற்றினால் கறி அந்த இடைப்பட்ட சூட்டிலேயே நெடுநேரம் கிடந்து நார்நாராகப் பிரியும். சுக்காவோ கபாபோ, கல் நன்றாகக் காய்ந்த பிறகே கறியைப் போடுங்கள். குக்கரில் வைப்பதானால் வழக்கமான விசிலில் பாதி போதும். குழம்புக்குக் குக்கரே போதுமே, பப்பாளி எதற்கு?

அன்னாசியின் புரோமெலைனும் இதே ரகம்தான். வேகவைக்காத அன்னாசியைப் பாலில் போட்டு வைத்தால் கசக்கும். அதைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாது. கடற்பாசி ஜெல்லி மட்டும் உறையும், அதில் வெட்டப் புரதமே இல்லை. டப்பா அன்னாசி ஏற்கெனவே சூடேறியது, அதனால் தொல்லையில்லை.

காய் நறுக்கும்போது பால் பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் காயைத் தொடாமலிருப்பதே நல்லது.