மணமேடையில் ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றிய அனுபவம்

திருப்பரங்குன்றத்தில் ஒரு திருமண மண்டபத்தில், ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களே ஒன்று வெளிறியும் அடுத்தது இருண்டும் வந்தன. அந்தக் குடும்பத்துக்கு அந்த நாள் மீண்டும் வராது என்பதால் எனக்குப் பதற்றமாக இருந்தது. ஃபிளாஷ் அப்போது டிடிஎல் எனப்படும் தானியங்கி முறையில் இருந்தது. படம் பதிவாவதற்குச் சற்று முன் அது ஒரு சிறு ஒளியை வீசி, எதிரே இருப்பவர் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை லென்ஸ் வழியாக அளந்து, நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு ஏற்ற வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது; ஆகவே வெள்ளை வேட்டி சட்டையில் தாய்மாமன்மார் வரிசையாக நின்றால் ஒளியைக் குறைத்துவிடுகிறது, மணமகளின் அடர்ந்த அரக்குப் பட்டுப் புடவை படச் சட்டத்தை நிறைத்தால் கூட்டிவிடுகிறது. சரிகை நேராக மின்னினாலோ முகம் இருண்டே போகும்.

மேடைக்கும் எனக்கும் இடையே எப்போதும் மூன்றரை மீட்டர்தான் என்பதைக் கவனித்த பிறகே வழி தெரிந்தது. நான் வைத்திருந்த ஜூமில் ஃபிளாஷின் கைடு நம்பர், அதாவது அதன் முழுத் திறனைக் காட்டும் எண், ஐஎஸ்ஓ எனப்படும் கேமராவின் ஒளியுணர்திறன் 100-இல் 40. ஐஎஸ்ஓ 400-இல் அது 80 ஆகும். அதை லென்ஸ் திறப்பின் அளவான எஃப் 5.6-ஆல் வகுத்தால், முழுத் திறனில் ஏறத்தாழ 14 மீட்டர் எட்டும். நான் நின்றது அதில் கால் பங்குத் தொலைவு. அங்கே ஒளி 4 × 4, அதாவது 16 மடங்காகும் என்பதால், ஒளியின் அளவை நானே தீர்மானிக்கும் மேனுவல் முறையில் முழுத் திறனில் 1/16 வைத்தேன். அதன்பின் எந்த நிறம் உடுத்தியவர் மேடையேறினாலும் முகங்கள் ஒரே அளவில் பதிந்தன.

பந்தியில் நகர்ந்து எடுக்கும்போது தொலைவு நொடிக்கு நொடி மாறுவதால் டிடிஎல்லுக்கே திரும்பினேன். வெள்ளைச் சட்டைகள் மிகுந்த இடத்தில் மட்டும் ஃபிளாஷ் அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டிக்கொண்டேன்.