முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: வீட்டுப் பெரியவர்களுக்கு எடுப்பதும் பயன்படுத்துவதும்

அப்பாவை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் காப்பீட்டு அட்டைக்காக ஓடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. எல்லாரும் நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டிவிடும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

1. ஏற்கெனவே அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ எடுத்து பீரோவில் மறந்துபோன அட்டைகள் நிறைய உண்டு. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

2. ரேஷன் கார்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். பெரியவர்கள் விஷயத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். பாட்டி இளைய மகன் வீட்டில் இருப்பார், பெயரோ மூத்த மகன் கார்டில் இருக்கும். பெயர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் காப்பீட்டில்தான் பாட்டி வருவார். ஆதாரில் ‘முத்தம்மாள்’, ரேஷன் கார்டில் ‘முத்தம்மா’ என்று இருந்தாலும் இப்போதே சரி செய்யுங்கள். பெயர் சேர்க்க, திருத்த இ-சேவை மையம் போதும்.

3. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள்.

4. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

5. சிகிச்சை தேவைப்படும்போது, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பிரிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் எலும்பு அறுவை சிகிச்சைக்கு அட்டை செல்லாமல் போகலாம்.

6. சேர்க்கும் நாளிலேயே அட்டையைக் காப்பீட்டு கவுண்ட்டரில் கொடுங்கள். மருத்துவர் எழுதிய சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்கித்தான் வேலை நடக்கும். பில் போட்ட பிறகு அட்டையை நீட்டினால் பயனில்லை. ஒப்புதல் வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே மேலே சொன்ன எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் கொடுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்தானே என்று பலர் காட்டுவதில்லை. காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே போகும், கருவிகளும் மருந்தும் வாங்க உதவும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு இந்த அட்டை உதவாது. அவற்றை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம்.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதா? 70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல், 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தை விரிவாக்கியது. ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. பதிவு மையத்துக்குப் போகும்போது அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.