பழைய காரை எடைக்குப் போடாதீர்கள்

கொல்லையில் துருவேறி நிற்கும் காரைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதை விட, அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து ‘சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்’ சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். இரும்பு விலை போக, அந்தச் சான்றிதழைக் காட்டிப் புதிய கார் பதிவு செய்தால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய மோட்டார் வாகன விதிகள் இடமளிக்கின்றன. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைவிட முக்கியம், பதிவு ரத்தாவது. ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நீடித்து, அந்த எண்ணை யாரோ திருட்டு வண்டியில் மாட்டினால், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

அப்பா ஓட்டிய அம்பாசடராக இருந்தால், மையத்தில் கேட்டுக்கொண்டு முகப்புச் சின்னத்தையாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. எடையில் குறைவது சில கிராம்தான். வீட்டில் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு.

முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் காருக்கு இது பொருந்தாது. அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. தயவுசெய்து உடைக்கக் கொடுக்காதீர்கள்.